கோலன் எண்ணிலிருந்து கியூஆர் கட்டம் வரை

தமிழக அரசின் பள்ளிப் பாடநூல் எதைத் திறந்தாலும் பாடத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். அதற்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. கைபேசியைக் கட்டத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ திரையில் வரும். கேமரா மங்கலாக இருந்தால் ஆறு இலக்கத்தையும் தட்டிக்கொள்ளலாம். 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இந்தக் கட்டமும் சேர்ந்து வந்தது. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது.

நான் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழிலுக்கு உரிய கேள்விகள்தான் மனதில் எழும். கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காணொளி எந்த அடுக்கில் வைக்கப்பட்டிருக்கிறது? யார், என்ன பெயர் கொடுத்து வைத்தார்கள்? பாடநூல் மாறிவிட்டால் அதை எப்படித் தேடி எடுப்பது? இவை கணினி வந்த பிறகு முளைத்த கேள்விகள் அல்ல. நூறாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருபவை. அவற்றுக்கான விடைகளில் மிக முக்கியமான ஒன்று எழுதப்பட்டது நம் சென்னையில்தான்.

அதற்கு முன்னால் இருந்தது டூயியின் முறை. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வகுப்பையும் மறுபடி பத்தாகவும், அதையும் பத்தாகவும் பிரித்துக்கொண்டே போனார். புத்தகம் ஒரு பொருள், அதை ஓர் இடத்தில்தான் நிறுத்த முடியும் என்பதால் அடுக்குக்கு இது வசதி. ஆனால் எங்கள் நூலகம் போன்ற இடத்தில் இதனால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்த்தேன். தொடக்கப் பள்ளியில் கணிதம் கற்பிப்பது பற்றிய புத்தகம் கல்வியின் கீழ் 372.7இல் நிற்கும். கணிதம் கற்பிப்பது பற்றிப் பொதுவாகப் பேசும் புத்தகம் கணிதத்தின் கீழ் 510.7இல் நிற்கும். கற்றலின் உளவியல் 370.15க்குப் போய்விடும். மூன்றும் தேவைப்படும் பயிற்சி மாணவி ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆளே வராத அந்த வேலை பிடிக்காமல், சேர்ந்த சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட நினைத்தவர் அவர். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியை ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரே தகடுகள், சக்கரங்கள், கம்பிகள், நட்டு போல்ட்டுகளைக் கொண்டு வேறு வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார். ரங்கநாதனுக்கு வழி அங்கேதான் கிடைத்தது. புத்தகங்களின் பொருள்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கத் தேவையில்லை. பொருளின் உறுப்புகளை மட்டும் தனித்தனியாகப் பட்டியலிட்டு வைத்தால் போதும். புத்தகம் கைக்கு வரும்போது உறுப்புகளைப் பூட்டி அதற்குரிய எண்ணைச் செய்துகொள்ளலாம். பூட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆணி முக்காற்புள்ளி. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

நூலக அறிவியல் படித்தவர்கள் யாரும் மறக்காத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை தருவது பற்றி 1950இல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி குறித்து ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல் என்ற ஆங்கில எழுத்து, அது மருத்துவம். காற்புள்ளி போட்டு 45, நுரையீரல். அரைப்புள்ளி போட்டு 421, காசநோய். முக்காற்புள்ளி போட்டு 6, சிகிச்சை. மறுபடி அரைப்புள்ளி, 253, எக்ஸ்ரே. முக்காற்புள்ளியும் எஃப் என்ற எழுத்தும் ஆராய்ச்சிக்கு. புள்ளி வைத்து 44, இந்தியா. ஒற்றை மேற்கோள்குறி போட்டு என்5, 1950. வகுப்பில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்டால் அந்த எண் ஒரு முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறது. காசநோய் பற்றி என்னென்ன இருக்கின்றன, எக்ஸ்ரே பற்றி என்னென்ன, இந்தியாவைப் பற்றி என்னென்ன என்று எந்தப் பக்கத்திலிருந்தும் அதைப் பிடிக்கலாம்.

முதல் பதிப்பில் முக்காற்புள்ளி ஒன்றுதான் இருந்தது. மற்றக் குறிகளில் பெரும்பாலானவை 1952இல் வந்த நான்காம் பதிப்பில் சேர்ந்தன. எந்தப் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து பக்கங்களிலிருந்து பார்க்கலாம் என்று அப்போது அவர் வகுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் எங்கள் தொழிலில் ஃபேசட் என்போம். இன்று இணையக் கடையில் சேலை வாங்கப் போனால் இடது ஓரத்தில் விலை, நிறம், துணி வகை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கட்டங்கள் வருகின்றனவே, அவையும் ஃபேசட்டுகள்தான்.

கோலன் எண்ணைப் புத்தக முதுகில் ஒட்டிய நூலகங்கள் அதிகமில்லை. எண் நீளம், குறிகள் பல, புத்தகத்தைத் திரும்ப அடுக்குபவருக்குச் சிரமம். இந்தியக் கல்லூரிகளிலேயே டூயிதான் பரவினார். ஆனால் ரங்கநாதனின் யோசனை அடுக்கை விட்டுவிட்டு வேறு வழியில் உலகத்தைச் சுற்றியது. 1952இல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகர்கள் சிலர் சேர்ந்து வகைப்பாட்டு ஆய்வுக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தகவலைத் தேடி எடுக்கும் எல்லா முறைகளுக்கும் ஃபேசட் வகைப்பாடே அடிப்படையாக வேண்டும் என்று 1955இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த டக்ளஸ் ஃபாஸ்கெட், லண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனத்தின் நூலகர். 1963இல் கல்வித் துறைக்கென்றே ஒரு ஃபேசட் வகைப்பாட்டை அவர் வெளியிட்டார். ஆசிரியர் பயிற்சி நூலகத்தில் வேலை பார்க்கும் எவரும் படித்திருக்க வேண்டிய வேலை அது. யாருக்குக் கற்பிக்கிறோம், எதைக் கற்பிக்கிறோம், எப்படிக் கற்பிக்கிறோம் என்பவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் தனித்தனி வரிசையில் வைப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, 372.7க்கும் 510.7க்கும் நடந்து பழகிய கால்கள்தான் அறியும்.

இதே காலத்தில், நூலகர்கள் பக்கமே திரும்பிப் பார்க்காமல், கணினிக்காரர்கள் வேறு வாசல் வழியாக இதே வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ராஸ் குவில்லியன் 1960களில் மனித நினைவைக் கணினிக்குள் ஒரு வலையாக வரைந்து பார்த்தார். கருத்துகள் முடிச்சுகள், அவற்றுக்கு இடையிலான உறவுகள் இழைகள். கேனரி ஒரு பறவை, பறவை ஒரு விலங்கு, பறவைக்குச் சிறகு உண்டு என்று எழுதி வைத்தால், கேனரிக்குச் சிறகு உண்டு என்று தனியாக எழுத வேண்டியதில்லை. இழையைப் பிடித்துப் போய் இயந்திரமே கண்டுகொள்ளும்.

இந்த வலையைக் கொண்டு பாடம் நடத்த முடியுமா என்று முயன்றவர் ஹைமே கார்போனெல். 1970இல் அவர் எழுதிய ஸ்காலர் என்ற நிரல் தென் அமெரிக்கப் புவியியல் கற்பித்தது. அதுவரை கணினிப் பாடம் என்றால் முன்கூட்டியே எழுதி வைத்த கேள்வி, முன்கூட்டியே எழுதி வைத்த விடை. ஸ்காலரில் பாடம் எழுதப்படவில்லை, அறிவுதான் எழுதப்பட்டிருந்தது. மாணவர் கேட்கலாம், அது பதில் சொல்லும். அது கேட்கும், மாணவர் பதில் சொல்லலாம். புவனஸ் அயர்ஸ் அர்ஜென்டினாவில் இருக்கிறது, அர்ஜென்டினா தென் அமெரிக்காவில் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு, புவனஸ் அயர்ஸ் தென் அமெரிக்காவில் இருக்கிறது என்று தானே சொல்லும். இதில் என்னை மிகவும் கவர்ந்தது, ஒவ்வொரு செய்திக்கும் கார்போனெல் ஒட்டி வைத்த ஒரு சிறு எண். அந்தச் செய்தி எவ்வளவு அவசியமற்றது என்பதற்கான அளவு அது. அர்ஜென்டினாவைப் பற்றிச் சொல் என்றால் ஸ்காலர் அந்த எண்ணைப் பார்த்து முக்கியமானதை முதலில் சொல்லும், சில்லறை விவரங்களைப் பிறகு சொல்லும். எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் வைத்துக்கொள்வது என்பது நல்ல ஆசிரியர் தினமும் செய்யும் முடிவு. அதற்கு ஓர் இடம் ஒதுக்கி எழுதி வைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர் என்றே நான் மதிக்கிறேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் 1970களில் சிறு பிள்ளைகளிடம் அறிவியல் பாடம் பற்றிப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். 12 ஆண்டுகள் நீண்ட ஆய்வு அது. பேட்டிகள் மலை போலக் குவிந்தன. பிள்ளைகளின் புரிதல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்க, அவர்கள் சொன்ன கருத்துகளைக் கட்டங்களில் எழுதிக் கோடு போட்டு இணைத்துப் பார்த்தார்கள். கருத்து வரைபடம் என்று நம் பி.எட். மாணவர்கள் சார்ட் பேப்பரில் வரைவது அதன் வழித்தோன்றல்தான். இன்று மதிப்பெண்ணுக்காக அழகாக வரையப்படும் அந்தப் படம், குழந்தையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அறிவதற்காகத் தொடங்கியது என்பதை ஒவ்வொரு பயிற்சி ஆசிரியருக்கும் சொல்ல வேண்டும்.

பிறகு வைய விரிவு வலை வந்தது. பாடங்கள் லட்சக்கணக்கில் ஏறின. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் ஊரில் நூலகர்களும் கணினி வல்லுநர்களும் கூடினார்கள். எந்த இணைய ஆவணத்துக்கும் பொருந்தும் சின்னஞ்சிறு பட்டியல் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். தலைப்பு, ஆக்கியவர், பொருள், தேதி என்று முதலில் 13 உறுப்புகள், பின்னர் 15. டப்ளின் கோர் என்று ஊர்ப்பெயரே அதற்கு நிலைத்தது. பாடங்களுக்கு இது போதவில்லை. 2002இல் ஐஇஇஇ அமைப்பு கற்றல் பொருள்களுக்கென்று தனித் தரத்தை வெளியிட்டது. ஒன்பது பிரிவுகள். எந்த வயதுக்கு, கடினம் எவ்வளவு, கற்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கெல்லாம் இடம் இருந்தது. எம்ஐடி தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கத் தொடங்கியதும், திறந்த கல்வி வளங்கள் என்ற பெயர் யுனெஸ்கோ கூட்டத்தில் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்தத் தரத்துக்கு நேர்ந்ததை நூலகர் எவரும் முன்பே சொல்லியிருப்பார். 2004இல் நார்ம் ஃப்ரீசன் என்ற கனடிய ஆய்வாளர் பல நாடுகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். தலைப்பும் மொழியும் நிரப்பப்பட்டிருந்தன. கல்விக்கென்று ஒதுக்கிய கட்டங்கள் பெரும்பாலும் காலி. தலைப்பை எவரும் எழுதிவிடலாம். இது எந்தப் பிள்ளைக்குக் கடினம் என்று எழுத, பாடத்தை முழுக்கப் பார்க்க வேண்டும், பிள்ளைகளையும் அறிந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் ஒதுக்கவில்லை.

உறவுகளை எழுதும் முயற்சிகளும் கூடவே நடந்தன. டாபிக் மேப்ஸ் என்ற சர்வதேசத் தரம், புத்தகங்களின் கடைசிப் பக்கத்துச் சொல்லடைவுகளை ஒன்றாகச் சேர்க்கும் சிக்கலிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில், யூனிக்ஸ் கையேடுகள் பலவற்றின் சொல்லடைவுகளை இணைக்க வேண்டியிருந்தது. கருத்து, கருத்துகளுக்கு இடையிலான தொடர்பு, அது வரும் இடம் என்ற மூன்றையும் பிரித்து எழுதினால் இணைப்பது எளிது என்று கண்டார்கள். இதையே பாடங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டரினா டிசேவாவும் கிறிஸ்டோ டிசேவும். அவர்கள் செய்த கருவியில் ஆசிரியர் முதலில் கருத்துகளின் வலையை வரைவார். பாடங்களையும் இணைப்புகளையும் பிறகு அதன் மேல் தொங்கவிடுவார். பாடம் போனாலும் வலை நிற்கும்.

இந்த வரிசையில் நான் மிகச் சிறந்ததாகக் கருதுவது அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் வேலை. ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1985இல் தொடங்கி, அது மறுபடி வரப்போகும் ஆண்டின் பெயரையே வைத்துக்கொண்ட திட்டம் அது: புராஜெக்ட் 2061. 2001இல் அவர்கள் அறிவியல் கருத்துகளின் வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் கீழே சிறு வகுப்புகளின் கருத்துகள், மேலே போகப் போகப் பெரிய வகுப்புகளின் கருத்துகள். எது புரிந்தால் எது புரியும் என்று கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. பின்னர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் டிஜிட்டல் நூலகம் இந்தப் படங்களை இணையத்தில் வைத்து, ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தக் கருத்துக்குரிய பாடங்கள் வரும்படி செய்தது. மேல் கட்டத்தில் பிள்ளை தடுமாறினால் அம்பைப் பிடித்துக் கீழே இறங்கலாம்.

நம் நாட்டில் 2013இல் என்சிஇஆர்டி தொடங்கிய திறந்த கல்வி வளக் களஞ்சியம் இந்த வழியில் வந்தது. மும்பை ஹோமி பாபா மையத்தின் ஆய்வகம் அதற்கு அடித்தளம் அமைத்தது. அங்கே பாடங்கள் கருத்துகளோடு கோக்கப்பட்டன. 2017 செப்டம்பர் 5 அன்று வந்த திக்‌ஷா தளம் வேறு கதவைத் திறந்தது. வாரியம், பயிற்றுமொழி, வகுப்பு ஆகியவற்றைச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். அதன் பிறகு பாடம், பாடநூல், இயல். கைபேசி ஒன்றுதான் கையில் இருக்கும் கிராமத்துப் பெற்றோருக்கு இது சரியான கதவு. நாளைக்கு என்ன பாடமோ அது உடனே கிடைக்கும். தமிழகம் இந்தத் தளத்துக்கான கியூஆர் கட்டத்தைப் பாடநூலில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது பெரிய காரியம்.

ஆனால் ஆசிரியரின் தேவை அந்தக் கதவோடு முடிவதில்லை. ஒரு முறை எங்கள் பகுதிப் பள்ளியின் கணித ஆசிரியை என்னிடம் வந்தார். “மேடம், எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்துல சதவீதம் நடத்தணும். பாதிப் பசங்களுக்குப் பின்னமே வரல. இதுக்கு முன்னாடி என்னென்ன சொல்லிக் குடுக்கணும்னு பார்த்து எடுத்துத் தர முடியுமா?” என்றார். அவருக்கு வேண்டியது எட்டாம் வகுப்பு இயல் அல்ல. சதவீதத்துக்கு அடியில் இருக்கும் பின்னம், பின்னத்துக்கு அடியில் இருக்கும் சமபாகம், வகுத்தல். அவை கீழ் வகுப்புப் புத்தகங்களில், வெவ்வேறு பருவங்களில் சிதறிக் கிடந்தன.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் பத்திகள் போட்டோம். முதல் பத்தி, இது எந்தக் கருத்தைப் பற்றியது. இரண்டாவது, காணொளியா, பயிற்சித்தாளா, செய்து பார்ப்பதா. மூன்றாவது, இதைப் பார்க்கும் முன் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, எந்த இடத்தில் பிள்ளைகள் தவறு செய்வார்கள். வகுப்பு, பருவம், இயல் மூன்றையும் கடைசிப் பத்தியில் தனியாக ஒதுக்கினோம். மூன்றாம் பத்திதான் நேரத்தை எடுத்தது. ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ரொட்டியை நான்காக வெட்டிக் காட்டுகிறார்கள். துண்டுகள் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லவே இல்லை. அப்படியானால் சமபாகம் முன்பே தெரிந்த பிள்ளைக்குத்தான் அது உதவும் என்று எழுதினோம். தலைப்பில் ‘பின்னங்கள் அறிமுகம்’ என்றுதான் இருந்தது.

புதிய பாடத்திட்டம் வந்தபோது அந்தத் தாள்களில் கடைசிப் பத்தியை மட்டும் அழித்து எழுதினால் போதுமானதாக இருந்தது. அதே சமயம் ஒரு நிறுவனத்தில், ‘ஏழாம் வகுப்பு, பருவம் 2, அலகு 3’ என்று பெயரிட்ட கோப்புறைகளில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த காணொளிகள் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கைவிடப்பட்டதையும் பார்த்தேன். நல்ல ஆசிரியர்கள் நடித்து, பேசி, வரைந்து செய்தவை அவை. அலகு 3 என்பது இப்போது வேறு பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு வரி கூட எழுதப்படாததால், திறந்து பார்க்க ஆளில்லாமல் போயின.

1928இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மீனாட்சி கல்லூரியில் நடந்த கல்வி மாநாட்டில்தான் ரங்கநாதன் நூலக அறிவியலுக்கான தம் ஐந்து விதிகளை முதன்முதலில் மேடையில் வைத்தார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்றுவது அவற்றில் நான்காவது. ஆசிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் அதைச் சொன்னார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகுத்து வைப்பவர் செலவிடும் நேரம் தேடுபவரின் நேரத்தைக் காக்கிறது. அந்த நேரத்தை யாரும் செலவிடாமல் எந்த மாதிரியும் எந்தத் தரமும் எந்த மென்பொருளும் வேலை செய்ததில்லை என்பதைத்தான் ஸ்காலர் முதல் ஐஇஇஇ வரை நடந்தது எல்லாம் காட்டுகிறது.

இன்று நம் மாநிலத்தில் நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். பள்ளிகளில் நூலகர் பணியிடம் இல்லாத இடங்களும் நிறைய. அடுத்த முறை பாடநூல் மாற்றும் குழுவிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: ஒவ்வொரு மின்பாடத்துக்கும் அது எந்தக் கருத்தைப் பற்றியது, அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் வகுப்பு, இயல் எண்ணிலிருந்து பிரித்து எழுதி வையுங்கள். பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரையும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்து, சம்பளம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.